கோவில் தரைக்குள் கல்லறை: கிரானைட் போடுவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

தேரிமணல் கேட்டது:

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். திசையன்விளை பக்கம் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. கோவில் சம்பந்தமான கேள்வி. கட்டடம் 1850-களில் எழும்பியது. சுண்ணாம்புத் தளம் பொரிந்து, பெருக்கப் பெருக்கத் தூள் வருகிறது. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) முன்னால் முழுவதும் கிரானைட் போட்டுவிட வேண்டும் என்று சேகரக் கமிட்டியில் (பல சபைகள் சேர்ந்த குருவட்டத்தின் கமிட்டியில்) தீர்மானம் ஆகிவிட்டது.

பீடத்துக்கு ஏறும் படிக்கு முன்னால், நடுப்பாதையில், ஆறடிக்கு இரண்டரை அடி அளவில் ஒரு பலகைக் கல் தரைமட்டத்தில் பதிந்திருக்கிறது. ஆங்கில எழுத்து, பாதி தேய்ந்துவிட்டது. மிஷனெரி ஒருவர் பெயரில் சில எழுத்தும், 186 என்ற எண்ணும் மட்டும் தெரிகின்றன. கல் ஆடாமல் மட்டமாக இருக்கிறது. ஆனால் அதை ஒட்டி வடபக்கம் ஐந்தடி நீளம், இரண்டடி அகலத்துக்குத் தரை ஓர் அங்குலம் இறங்கியிருக்கிறது. பெரியவர்களில் சிலர் “ஐயர் (அந்த மிஷனெரி) உள்ளேயேதான் அடக்கமாகியிருக்கிறார்” என்கிறார்கள். சிலர் “அது ஞாபகக் கல், கீழே ஒன்றும் கிடையாது” என்கிறார்கள். சபைமக்கள் அத்தனை பேரும் கல்லறைத் தோட்டத்தில் இருக்க, ஒருவரை மட்டும் கோவிலுக்குள் அடக்கம்பண்ணும் வழக்கம் உண்மையிலேயே இருந்ததா? தோண்டாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா? கல்லறைதான் என்றால் மேலே கிரானைட் போடலாமா?


பழஞ்சுவடி பதில்:

வழக்கம் இருந்தது தம்பி, நம் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. பிஷப் கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பாடுபட்டுக் கட்டி 1880-ல் பிரதிஷ்டையான அதே கோவிலுக்குள், பீடத்தின் கீழ் அடக்கம்பண்ணினார்கள். மிஷனெரி ரேனியஸ் காரியம் வேறு மாதிரி. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோவிலை 1826-ல் எழுப்பியவர் அவர். 1835-ல் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கம் அவரை விலக்கியது. 1838-ல் இறந்தபோது அடக்கமானது அடைக்கலபுரத்தில். ஆகவே கோவிலைக் கட்டியவர் என்பதற்காகவே உள்ளே இருப்பார் என்று முடிவுகட்டக் கூடாது.

கல்லை வைத்தும் முடிவுகட்டக் கூடாது. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் 1798-ல் இறந்து தஞ்சாவூர் பரிசுத்த பேதுரு கோவிலில் அடக்கமானார். ஆனால் சரபோஜி மன்னர் லண்டனில் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் செய்வித்த அந்தப் பெரிய பளிங்கு நினைவுச் சின்னம் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் இருக்கிறது. கல் ஓரிடம், உடல் வேறிடம். சென்னைக் கோட்டை மேரி ஆலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கற்களும் அப்படித்தான். அவை பழைய கல்லறைத் தோட்டத்திலிருந்து, 1758-59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு பெயர்த்துக் கொண்டுவந்தவை. அவற்றின் கீழே யாரும் இல்லை. அதே ஆலயத்துக்குள்ளே, 1827-ல் பத்திகொண்டாவில் இறந்த கவர்னர் மன்றோவின் எலும்புகள் 1831-ல் கொண்டுவந்து வைக்கப்பட்டன.

எழுத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றால், ‘ஹியர் லைஸ்’, ‘பினீத் திஸ் ஸ்டோன்’ என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே அடக்கம் என்று பொருள். தூத்துக்குடி டச்சுக் கற்களில் அதே பொருளில் ‘ஹியர் லெய்ட் பெக்ராவென்’ என்று வரும். ‘சேக்ரட் டு த மெமரி’ (இன்னாரின் நினைவாக) என்றால் இரண்டும் ஆகலாம். கல்லறை மேலும் அதைத்தான் எழுதினார்கள், சுவர்ப் பலகையிலும் அதைத்தான் எழுதினார்கள். தேய்ந்த எழுத்தைப் படிக்க, இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாக, கல்லின் ஓரத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். நான்கு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி அடித்துப் படம் எடுத்தால், பகலில் தெரியாத எழுத்து நிழலாக எழும்பும். ஆசிட் ஊற்றித் தேய்க்கவே கூடாது. பளிங்கும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு இனம், மிச்சமிருக்கும் எழுத்தையும் ஆசிட் தின்றுவிடும். மாவு, சாக்பீஸ் தூளை எழுத்துக்குள் திணிப்பதும் வேண்டாம்.

பிறகு சேகரத்தின் அடக்கப் பதிவேடு. 1860 முதல் 1870 வரை ஒவ்வொரு பக்கமும், ஓரக்குறிப்பு உள்பட. ஐரோப்பியர் அடக்கம் என்றால் அதன் நகல் மதராஸ் வழியாக லண்டனுக்குப் போனது. இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. மதராஸ் மாகாணத்துக் கல்லறை எழுத்துக்களை அரசாங்கமே மாவட்டவாரியாகத் தொகுத்து 1905-ல் அச்சிட்டது. திருநெல்வேலிக்கும் அதில் பகுதி உண்டு. அன்றைக்குத் தேயாமல் இருந்த எழுத்து உங்களுக்கு முழுசாகக் கிடைக்கலாம்.

சபைமக்கள் வெளியே, ஒருவர் மட்டும் உள்ளே ஏன் என்று கேட்டீர்கள். ரோமர் சட்டம் நகரத்துக்குள் அடக்கம்பண்ணுவதையே தடுத்தது. ஆதி கிறிஸ்தவர்கள் ஊருக்கு வெளியே இரத்தசாட்சிகளின் கல்லறைக்குப் பக்கத்தில் தங்கள் உறவினரை வைத்தார்கள். அந்தக் கல்லறைகள் மேல் கோவில் எழும்பியது. பரிசுத்தவான்களின் எலும்புகள் ஊருக்குள் இருந்த கோவில்களுக்கும் வந்தன. அவற்றின் அருகே படுக்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே உள்ளே வந்தது. சபை இதை விரும்பவில்லை. 561-ல் போர்த்துகலில் பிராகா சங்கம், கோவிலுக்குள் கூடாது, வெளிச்சுவரை ஒட்டி ஆகலாம் என்றது. 813-ல் மைன்ஸ் சங்கம் ஆயர், மடாதிபதி, தகுதியுள்ள குரு, உண்மையுள்ள விசுவாசி ஆகியோருக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. ‘உண்மையுள்ள விசுவாசி’ என்ற அந்த ஒரு வாசல் வழியாகப் பணமுள்ள அத்தனை பேரும் நுழைந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் கோவிலுக்குள் இடம் வேண்டுமென்றால் 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்பது நெடுங்காலம் வழங்கிய கட்டணம், பீடத்தை நெருங்க நெருங்கக் கூடும். ஆம்ஸ்டர்டாம் பழைய கோவிலின் தரை முழுவதுமே கல்லறைப் பலகை. சுமார் 2,500 கற்கள், அவற்றின் கீழ் பத்தாயிரம் பேர்.

ஐரோப்பாவில் வந்த கெடுதி எல்லாம் தரையிலிருந்தே வந்தது. ஒவ்வொரு சாவுக்கும் கல்லைப் பெயர்த்து, குழி தோண்டி, பெட்டி வைத்து, மண் தள்ளி, கல்லைத் திருப்பிப் பதிப்பார்கள். அடியில் அஸ்திவாரமும் பழைய பெட்டிகளும் இருப்பதால் ஆழம் கிடைக்காது. பெட்டி மக்கியதும் மண் அமர்ந்து கல் சாயும். வெயில் காலத்தில் நாற்றம் ஆராதனையை முட்டும். 1773-ல் டிஜோன் நகரத்துப் பேராலயத்தில் நாற்றம் தாங்காமல், கிடோன் தெ மோர்வோ என்ற வேதியியலாளர் உப்பின் மேல் கந்தக அமிலம் ஊற்றி, எழும்பிய அமிலப் புகையால் கோவிலைச் சுத்தம்பண்ண வேண்டி வந்தது. அதன் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன: ஆஸ்திரியாவில் 1784, ஸ்பெயினில் 1787, பிரான்சில் 1804, நெதர்லாந்தில் 1829 முதல் முழுத் தடை. இங்கிலாந்தில் 1848 பொதுச் சுகாதாரச் சட்டம், அது அமலான ஊர்களில் புதிதாகக் கட்டும் கோவிலுக்குள் அடக்கம் கூடாது என்றது.

நம் பக்கத்துக்கு இதுதான் முக்கியம். 1840-க்கும் 1870-க்கும் இடையில் நெல்லைச் சீமையில் ஊழியம் செய்த மிஷனெரிகள், இந்த வழக்கத்தை இழுத்து மூடிக்கொண்டிருந்த தேசத்திலிருந்து வந்தவர்கள். அதனால் இங்கே உள்ளே அடக்கம் என்பது அபூர்வமான மரியாதை, தனியாக எடுத்த தீர்மானம். உங்கள் கல் 186- என்பதால் ஞாபகக் கல்லாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த இறங்கிய தரை என்னைத் தயங்க வைக்கிறது. அதைக் கட்டட வேலை தெரிந்தவர் சொல்ல வேண்டும்.


காரைக்கட்டு பதில்:

இறங்கிய இடத்தின் அளவு ஐந்தடிக்கு இரண்டடி என்பது சும்மா விடக்கூடிய அளவு அல்ல. மழைத்தண்ணீர் இறங்கியோ, எலி பறித்தோ, கறையான் புற்று அமுங்கியோ தரை இறங்கினால் வட்டமாக, ஒழுங்கில்லாமல் இறங்கும். நேர்கோட்டு ஓரத்தோடு, கிழக்கு மேற்காக நீண்டு இறங்கினால் அது வெட்டின குழி. மரப்பெட்டி நம் மண்ணில் கறையானுக்குச் சீக்கிரமே போய்விடும், மூடி உடைந்ததும் மேல்மண் அந்த இடத்தை நிரப்பும், தரை இறங்கும்.

கல் மட்டமாக இருக்க, பக்கத்துத் தரை மட்டும் இறங்கியிருப்பதற்கு எனக்குத் தெரிந்து மூன்று காரணம். ஒன்று, கல்லின் கீழே செங்கல் அறை கட்டியிருக்கிறார்கள், கல் அறைச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது அசையவில்லை, அறையைக் கட்டத் தோண்டிய குழியின் ஓரமண்தான் அமர்ந்திருக்கிறது. இரண்டு, பக்கத்தில் பெயரில்லாத இன்னொரு அடக்கம் இருக்கிறது. மனைவி, குழந்தை ஆகலாம். மூன்று, முன்பு எப்போதோ தளம் மாற்றியவர்கள் கல்லை நடுப்பாதைக்கு நேராக இருக்கட்டும் என்று நகர்த்திப் பதித்துவிட்டார்கள், உண்மையான குழி வடபக்கம் இருக்கிறது. இந்த மூன்றாவது நிறைய நடக்கும். அதனால் கல்லுக்கு அடியில் மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டாதீர்கள்.

பார்க்கும் முறை இது. முதலில் மரச்சுத்தியலால் அரையடிக்கு ஒரு தட்டு, சுண்ணக்கட்டியால் ஒலி மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். பொரிந்த சுண்ணாம்புத் தளமும் டொக்கென்று கேட்கும், ஆனால் அது திட்டுத்திட்டாக இருக்கும்; குழி நீள்சதுரமாகக் கேட்கும். கல்லின் ஓரத்தில் இரும்பு வளையம் இருந்த பள்ளமோ, தூக்குவதற்கான துளையோ தென்பட்டால், அது திரும்பத் திறப்பதற்கென்று வைத்த அறை மூடி.

அடுத்தது தரை ஊடுருவும் ரேடார். 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா போதும், வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தேரிப் பக்கம் என்பது பெரிய அனுகூலம். காய்ந்த செம்மணலில் ரேடார் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் தெளிவாகப் பார்க்கும். இதே கோவில் கோவில்பட்டிக் கரிசலில் இருந்தால், ஈரம் பிடித்த களிமண் அலையை விழுங்கிவிடும். ஐப்பசி மழைக்கு முன், ஆனி ஆடிக்குள் முடித்துவிடுங்கள். கம்பி வலை போட்ட கான்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் கருவி உதவாது. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரேடாரில் எலும்பு தெரியாது. வெற்றிடமான அறை பளிச்சென்று தெரியும், மண் நிரம்பிய குழி மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான்.

ரேடாருக்குப் பணம் இல்லை என்றால், இறங்கிய இடத்தின் ஓரத்தில் ஒரு சதுர அடி மட்டும் தளத்தை உளியால் எடுத்துப் பாருங்கள். தளமும் அதன் படுகையும் தாண்டி ஓர் அடிக்கு மேல் இறங்க வேண்டாம். தொடாத தேரி மண் ஒரே சிவப்பாக, ஒரே சீராக இருக்கும். தோண்டி மூடிய மண்ணில் செங்கல் துண்டு, சுண்ணாம்புக் கட்டி, வேறு நிற மண் எல்லாம் கலந்து கிடக்கும். அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது.

அறை என்று தெரிந்தால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, தலையையும் நீட்டக் கூடாது. மூடிக்கிடந்த அறையில் பிராணவாயு போதாமல் இருக்கலாம், ஆளைச் சாய்க்கும் வாயு தேங்கியிருக்கலாம். மெழுகுவர்த்தி எரிந்தால் போதும் என்ற கணக்கு நம்பத்தக்கதல்ல. கல் இடுக்கில் அரை அங்குலத் துளை போட்டுக் குழாய்க் கேமரா விட்டால் பார்த்துக்கொள்ளலாம். ஈயப் பெட்டி தென்பட்டால் தொடாதீர்கள். ஐரோப்பியப் பெரியவர்களுக்கு மரம், ஈயத் தகடு, மறுபடி மரம் என்று மூன்று அடுக்காகச் செய்வார்கள், அந்த ஈயத்துக்குள் திரவம் இன்னும் இருக்கக்கூடும்.

கிரானைட் போடலாமா என்றால், பாரம் பெரிய பிரச்சினை இல்லை. 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோ, அடியில் இரண்டு அங்குலச் சாந்து 10 கிலோ. நீங்கள் எடுக்கப்போகும் நாலங்குலச் சுண்ணாம்பு ஜல்லித் தளமே ஏறக்குறைய அவ்வளவு எடை இருக்கும். கெடுப்பது பிரேக்கர் மெஷினும் மண் இறுக்கும் ரேமரும்தான். செங்கல் வளைவு கூரை போட்ட அறை ஒன்றரை நூற்றாண்டு சும்மா நிற்கும், அதிர்வுக்கு ஒரு நாளில் பிளந்துவிடும். கல்லைச் சுற்றி ஐந்தடிக்கு மெஷின் கூடாது, உளி சுத்தியல் மட்டும் என்று கான்ட்ராக்டிலேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் கமிட்டியில் சொல்லுங்கள். சுண்ணாம்புத் தளம் தரை ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமென்ட்டும் கிரானைட்டும் போட்டு அடைத்தால் அந்த ஈரம் போக்கில்லாமல் சுவரில் ஏறும். இரண்டு மழைக்குள் சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்து, காரை உதிரும். சுண்ணாம்புத் தளத்தையே கடுக்காய், கருப்பட்டி சேர்த்துப் புதுப்பிப்பதுதான் என் யோசனை. கிரானைட்தான் என்றால் நான்கு சுவரோரமும் ஓர் அடி அகலத்துக்குச் சுண்ணாம்புச் சாந்தில் பாவிய செங்கல் தளமாக விடுங்கள், பலகை இடுக்கும் சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்கட்டும்.


முத்துக்குளித்துறை பதில்:

கத்தோலிக்கக் கோவில்களில் இது இன்றைக்கும் எழுதப்பட்ட சட்டம். இப்போது அமலில் இருக்கும் 1983 திருச்சபைச் சட்டம் 1242-ஆம் விதிப்படி, கோவிலுக்குள் அடக்கம் பண்ணக்கூடியவர்கள் திருத்தந்தை, கர்தினால்கள், மறைமாவட்ட ஆயர் ஆகியோர் மட்டும், அதுவும் அவரவர் சொந்தக் கோவிலில். ஓய்வுபெற்ற ஆயருக்கும் இது பொருந்தும். 1239-ஆம் விதி, பீடத்தின் கீழ் உடல் அடக்கம் ஆகியிருந்தால் அந்தப் பீடத்தில் பூசை வைக்கக் கூடாது என்கிறது. 1917 சட்டத்தில் பீடத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று அளவே உண்டு. இடையன்குடியில் கால்டுவெல்லுக்குச் செய்தது ஆங்கிலிக்கன் முறை, எங்கள் கோவிலில் அப்படிச் செய்ய முடியாது. இரத்தசாட்சிகளின் அருளிக்கத்தை (எலும்பு போன்ற புனித மிச்சத்தை) பீடத்தின் கீழ் வைக்கும் பழைய மரபு வேறு, அது இன்றும் செல்லும்.

நம் பக்கத்தின் பெரிய சான்று புனித தேவசகாயம். வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். மிச்சத்தைச் சேகரித்து, கோட்டாறு சவேரியார் கோவிலுக்குள் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். பொதுநிலையினர் ஒருவர் உள்ளே அடக்கமானதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தப் பக்கத்தில் தேட வேண்டியதில்லை.

குழியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படலம் வந்தால் அதைக் கட்டட மிச்சம் என்று வாரி எறிந்துவிடாதீர்கள். உடலோடு சுண்ணாம்பு போடும் வழக்கம் உண்டு. 1552 டிசம்பரில் சவேரியார் சீனக் கரையோரத் தீவில் இறந்தபோது, சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பை எடுத்துப்போக வசதி என்று பெட்டியில் சுண்ணாம்பை நிரப்பினார்கள். 1553 பிப்ரவரியில் திறந்தால் உடல் அழியாமல் இருந்தது. மலாக்காவில் கோவிலுக்குள் புதைத்து, 1554-ல் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்பு உடனே கரைத்துவிடும் என்ற நம்பிக்கை பொதுவாகவே தவறு. ஈரத்தை உறிஞ்சி அழுகலைத் தாமதப்படுத்துவதையே அது அதிகம் செய்கிறது.

கல்லில் எழுத்து எந்தத் திசையிலிருந்து படிக்கும்படி இருக்கிறது என்றும் பாருங்கள். எங்கள் முறையில் பொதுமக்களுக்குக் கால் பீடத்தைப் பார்க்க, குருவானவருக்குத் தலை பீடத்தின் பக்கம் இருக்க வைப்பார்கள், சபையைப் பார்த்து எழும்பும்படி. உங்கள் சபையில் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றினார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எழுத்து மற்ற அடையாளங்களோடு ஒத்துப்போகாமல் தலைகீழாக இருந்தால், கல்லை யாரோ எடுத்து மாற்றிப் பதித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்.


தேரிமணல்:

ரொம்ப உபகாரம் ஐயா, அண்ணாச்சி. ஓரத்தில் ஒரு சதுர அடி எடுத்துப் பார்த்தாயிற்று. சிவப்பு மண்ணோடு செங்கல் பொடியும் சுண்ணாம்புக் கட்டியும் கலந்துதான் இருக்கிறது, அப்படியே மூடிவிட்டோம். இப்போது கமிட்டியில் ஒரு சாரார், கல்லை எடுத்துச் சுவரில் பதித்துவிடலாம், எலும்பு இருந்தால் ஜெபம்பண்ணிக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?


பழஞ்சுவடி:

எலும்பை எடுப்பது கமிட்டித் தீர்மானத்தால் ஆகிற காரியம் அல்ல. அடக்கமான இடத்தில் அத்துமீறுவது, உடலை அவமதிப்பது எல்லாம் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 297, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 301. மனம் புண்படுத்தும் நோக்கம் உங்களுக்கு இல்லை என்றாலும், யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் இழுபடுவது சேகரத் தலைவர். பேராயர் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வருவாய்த் துறை அனுமதியும் கையில் இல்லாமல் மண்ணைத் தொட வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், அவசியமே இல்லை. அவரை அங்கே வைத்த சபைமக்கள் தெரிந்துதான் வைத்தார்கள். தரையை அழகாக்க வேண்டும் என்பது அவரை எழுப்பப் போதுமான காரணம் ஆகாது.

கல்லைச் சுவருக்கு மாற்றுவதைத்தான் நான் அதிகம் எதிர்ப்பேன். இன்றைக்கு இத்தனை பேர் குழம்புவதே, கல்லும் இடமும் பிரிந்திருக்குமோ என்ற சந்தேகத்தால்தானே. நீங்களும் பிரித்துவிட்டால் அடுத்த ஐம்பது வருஷத்தில் அந்த இடத்தில் மைக் செட்டுக்கு வாய்க்கால் வெட்டுவார்கள்.


காரைக்கட்டு:

எடுப்பதும் லேசு இல்லை. நாலங்குலக் கனம் என்றால் அந்தக் கல் 375 கிலோ வரும். நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்பினால் நடுவில் முறியும். இருக்கிற இடத்திலேயே விட்டு, புதுத் தளத்தின் மட்டத்தைக் கல்லின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லைச் சுற்றி அரை அங்குல இடுக்கு, அதில் சுண்ணாம்புச் சாந்து மட்டும். சிமென்ட் வைத்தால் விரியும்போது கல் ஓரம் தெறிக்கும். இறங்கிய இடத்தைத் தோண்டி இறுக்க வேண்டாம். மேலே காய்ந்த மணலைப் பரப்பி, மண்வடிதுணி (ஜியோடெக்ஸ்டைல்) விரித்து, அதன் மேல் சுண்ணாம்புப் படுகை. அந்த ஐந்தடிக்கு இரண்டடி இடத்தில் தனித்தனிச் சிறு பலகையாகப் போடுங்கள். பின்னால் கொஞ்சம் இறங்கினாலும் அந்தப் பலகையை மட்டும் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், ஒரே பெரிய பலகை என்றால் நடுவில் விரிசல் விடும்.

பீட வளைவின் இரண்டு தூண் மூலையிலிருந்தும் கல்லின் நான்கு முனைக்கும், இறங்கிய இடத்தின் நான்கு முனைக்கும் டேப் பிடித்து அளவெடுத்து வரைபடமாக்குங்கள். ஒரு பிரதி அடக்கப் பதிவேட்டோடு, ஒரு பிரதி திருமண்டல (பேராயரின் ஆளுகைப் பகுதி) அலுவலகத்தில். கிரானைட் கடையில் மொத்தச் சதுர அடி கொடுக்கும்போதே கல்லின் பதினைந்து சதுர அடியைக் கழித்துவிடுங்கள், வடபக்கத்துச் சிறு பலகைகளைத் தனி அளவாகச் சொல்லுங்கள். பலகை வெட்டி வந்த பிறகு சொன்னால், வந்ததை வீணாக்கக் கூடாது என்று கல்லின் மேலேயே ஒட்டிவிடுவார்கள்.